பூச்சியும் மருந்தும்

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை போய்விடும். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளை இனி அடிக்கவே கூடாது என்று உத்தரவு வந்தபோது ஆசிரியர் அறையில் ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். எனக்கு மட்டும் நிம்மதியாக இருந்தது. என்னை வெளியிலிருந்து யாராவது பிடித்துக் கட்டினால்தான் உண்டு என்று எனக்கு அப்போதே தெரியும்.

கண்டக்டரை எனக்குப் பழக்கமாக்கியதும் ஓர் அறைதான். சீவலப்பேரி டவுன் பஸ்ஸில் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் மேல் சாய்ந்து சாய்ந்து வந்த ஒருவனை ஓங்கி அறைந்தேன். அவன் கம்பியில் போய் மோதி மூக்கு உடைந்தது. மறுபடி கையை ஓங்கும்போது கண்டக்டர் குறுக்கே வந்து நின்றார். "பைய, டீச்சர். ரத்தம் சீட்டுல படுது. ராத்திரி நான்தான் கழுவணும்" என்றார். அவனை இறக்கிவிட்டு, விசிலை ஊதி, ஒன்றும் நடக்காதது போல டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார். ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி இருந்த மனுஷன். அவருடைய குரல் பின்படிக்கட்டிலிருந்து டிரைவர் காதுவரை கணீரென்று போகும்.

அவர் வீடு ஓடைக்கரையில் இருந்தது. பெரிய ஓடை இல்லை. சீவலப்பேரிக்கு இந்தப் பக்கம் வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவில் நெளிந்து வந்து தாமிரபரணியில் விழும் ஒரு சின்ன நீர்வழி. ஊரைப் புரட்டிப்போட்ட அந்த மார்கழி வெள்ளத்தில் அதுவும் சாமி வந்ததுபோல ஆடி, கண்டக்டரின் மாட்டுத் தொழுவத்தைச் சுவரோடு இழுத்துக்கொண்டு போனது. கட்டியிருந்த இரண்டு மாடும் கயிற்றோடு போயின. வெள்ளம் வடிந்து சில மாதம் கழித்து, ஒருநாள் பஸ்ஸில் என் மடியில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலை வைத்தார். மேலே இரண்டு விரல் உயரத்துக்கு நுரை.

"எங்க ஓடைத் தண்ணி, டீச்சர். மீன் மல்லாந்து கிடக்கு. என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

அப்படித்தான் தொடங்கியது. நெல்லையில் நீர்நிலைகளைக் கவனிக்கிற ஒரு தன்னார்வக் குழு எனக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தது. தண்ணீர்ச் சோதனைப் பெட்டி ஒன்றும் கொடுத்தது. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு நானும் கண்டக்டரும் ஓடையில் முழங்கால் தண்ணீரில் நிற்போம். பாலத்தடி, மருதமரத்தடி, ஆற்றில் சேருகிற வாய் என்று மூன்று இடம். வெப்பம் பார்க்க வேண்டும், கலங்கல் பார்க்க வேண்டும், தண்ணீரில் எவ்வளவு காற்று கரைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கடைசியில் கல்லைக் காலால் புரட்டி, வலையை அணைத்துப் பிடித்து, விழுகிற பூச்சிகளை வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ண வேண்டும். எந்தப் பூச்சி உயிரோடு இருக்கிறதோ அதுதான் ஓடையின் ஜாதகம். மூன்று வால் உள்ள பூச்சிக்குஞ்சு நல்ல தண்ணீரில்தான் இருக்கும். கண்டக்டர் அதற்கு 'மூணுவாலு' என்று பேர் வைத்தார். மணலை ஒட்டிக் கூடு கட்டிக்கொள்கிற ஒன்றுக்கு 'கொத்தனார்'. நான் புத்தகத்தில் படித்த பேரைச் சொன்னால், "அதெல்லாம் உங்க பரீட்சைக்கு வச்சுக்கோங்க" என்பார்.

காற்றுப் பார்க்கிற சோதனைக்கு மூன்று சின்னக் குப்பிகள். ஓடைத் தண்ணீரைக் குமிழி இல்லாமல் ஒரு பாட்டிலில் பிடித்து, முதல் குப்பியிலிருந்து சில சொட்டு, இரண்டாவதிலிருந்து சில சொட்டு விட்டுக் குலுக்க வேண்டும். காற்று இருந்தால் செம்பழுப்பாகத் திரண்டு அடியில் இறங்கும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். பிறகு மூன்றாவது குப்பி. அது அடர்ந்த அமிலம். குப்பியில் நீளமாகப் பேர் எழுதியிருந்தது. கண்டக்டர் கையிலெடுத்து எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

"வாயில நுழையல, டீச்சர். ஒண்ணாம் மருந்து, ரெண்டாம் மருந்து, மூணாம் மருந்துன்னு வச்சுக்கிடுவோம்."

நான் சிரித்துக்கொண்டே சரி என்றேன். குப்பிகளில் பிளாஸ்திரி ஒட்டி, என் கையாலேயே ஒண்ணாம் மருந்து, ரெண்டாம் மருந்து, மூணாம் மருந்து என்று எழுதினேன். நோட்டில் கோடு போட்டு, ஒரு பத்திக்குப் 'பூச்சி' என்றும் அடுத்ததற்கு 'மருந்து' என்றும் தலைப்பு எழுதினேன். ஒரு சொட்டுகூட ஓடையில் விழாமல், பயன்படுத்தியதைத் தனிக் கேனில் ஊற்றிப் பள்ளி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். அவ்வளவு ஒழுங்கு எனக்கு. சொல்லில் மட்டும் ஒழுங்கு இல்லை.

மருந்து என்றால் எங்கள் பக்கம் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நானும் வயற்காட்டு ஊரில் பிறந்தவள்தான். காய்ச்சலுக்கு விழுங்குவது மாத்திரை, குத்துவது ஊசி. மருந்து என்றால் வயலுக்கு அடிப்பது. ஒரு வீட்டில் "அவ மருந்தக் குடிச்சுட்டா" என்று சொன்னால் யாரும் என்ன மருந்து என்று கேட்க மாட்டார்கள், வண்டியைத்தான் தேடுவார்கள். என் வகுப்பிலேயே அப்படி இரண்டு பிள்ளைகள் அம்மாவைப் பறிகொடுத்தவர்கள். எல்லாம் தெரிந்தும் ஒன்றரை வருஷம் ஓடைக்கரையில் நின்றுகொண்டு "ரெண்டாம் மருந்து போட்டியளா, அண்ணாச்சி" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

ஓடைக்கு எதிரிகள் இருந்தார்கள். மேலே வாழை வைத்திருந்த ஒருவர் எங்களைக் கண்டாலே பல்லைக் கடிப்பார். ஒருநாள் எங்கள் வலையைக் கத்தியால் நீளவாக்கில் கிழித்து வேலியில் தொங்கவிட்டிருந்தார்கள். இன்னொரு நாள் பாலத்தின் மேலிருந்து கல் வந்து வெள்ளைத் தட்டை உடைத்தது. ஒரு தடவை வாழைக்காரரே கண்டக்டரின் சட்டையைப் பிடித்து, "ஓடை என்ன ஒங்க அப்பன் வீட்டுச் சொத்தாவே?" என்று தள்ளிவிட்டார். பூச்சி அள்ள வைத்திருந்த கரண்டியை அவர் மேல் வீசினேன். அவர் குனிந்துகொண்டார், அது என் துரதிருஷ்டம்.

இரண்டு முறை மீன் செத்து மிதந்தது. இரண்டு முறையும் நாங்கள் போய்ச் சேருவதற்குள் தண்ணீர் ஓடிவிட்டது. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மனு கொடுத்தேன். "மீன் செத்த நேரத்துத் தண்ணி வேணும், டீச்சர். மூணு எடத்துலயும் எடுத்த கணக்கு வேணும். சும்மா மீன் செத்துட்டுன்னு சொன்னா எப்படி?" என்று அங்கிருந்தவர் கோப்பை மூடினார். அன்றிலிருந்து நான் ஒரு சாவுக்காகக் காத்திருந்தேன். அப்படித்தான் சொல்ல வேண்டும். ஓடை மறுபடி சாக வேண்டும், நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் நினைத்தேன்.

அறுவடை முடிந்த மாதம். ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து வாத்து மேய்க்கிற ஒருவர் மனைவியோடு வந்து வயலில் பட்டி போட்டிருந்தார். அரிந்த தாளடியில் கிடக்கிற மணிகளைப் பொறுக்கிவிட்டு, வாத்துகள் ஓடையில் இறங்கும். நாங்கள் குனிந்து எண்ணும்போது அவை எங்கள் முழங்காலைச் சுற்றிக்கொண்டு போகும். அவருக்கும் எங்களுக்கும் பேச்சு கிடையாது. நீளக் கம்பை ஊன்றிக்கொண்டு அக்கரையில் நின்று, நாங்கள் சின்னக் குப்பியிலிருந்து சொட்டு விடுவதை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஒருநாள் மட்டும் கண்டக்டரிடம், "அது என்னது?" என்று கேட்டாராம். "மருந்து" என்று கண்டக்டர் பதில் சொன்னாராம். அதற்கு மேல் அவர் கேட்கவும் இல்லை, இவர் விளக்கவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பள்ளியில் காலையிலேயே உதவித்தொகைத் தேர்வு மேற்பார்வை. கண்டக்டர் தனியாகப் போயிருந்தார். எட்டு மணி சுமாருக்குப் போன் வந்தது. கை ஈரமாக இருந்ததால் போனைக் கல்லின் மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். நான் வராந்தாவுக்கு வந்து பேசினேன்.

"டீச்சர், ஒண்ணாம் மருந்தும் ரெண்டாம் மருந்தும் போட்டாச்சு. நல்லாப் பிடிச்சிருக்கு. செம்பழுப்பா நிக்கி."

"அப்ப காத்து இருக்கு, சாக்கடை இல்ல. பூச்சி?"

"எல்லாம் செத்துட்டு, டீச்சர். மூணுவாலு ஒண்ணு பாக்கியில்ல. மீனும் மெதக்கு."

"மூணு எடத்துலயுமா?"

"மூணு எடத்துலயும்."

காற்று இருக்கிறது, உயிர் இல்லை. அப்படியென்றால் யாரோ மேலே விஷத்தைக் கொட்டியிருக்கிறார்கள். அதுவும் இப்போதுதான். ஒன்றரை வருஷம் கைக்குச் சிக்காதது சிக்கிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் நான் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன்.

"அப்படிப் போடுங்க, அண்ணாச்சி. இதுக்குத்தான் இம்புட்டு நாளாக் காத்துக்கிட்டு இருந்தேன். இனி எவன் நம்மள என்ன கேக்கான்னு பாப்போம்."

அக்கரைப் புதருக்குப் பின்னால் வாத்துக்காரர், கழுத்துத் துவண்டு காலை உதைத்துக்கொண்டிருந்த வாத்துகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது எனக்குக் கேட்டது தண்ணீரில் யாரோ திமுதிமுவென்று ஓடிவருகிற சத்தம். அப்புறம் வாழை மரத்தில் அரிவாள் இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். கண்டக்டர் "யாத்தே" என்றார். இன்னும் இரண்டு அடி விழுந்தது. மூன்றாவதில் எலும்பு முறிந்ததை நான் போனிலேயே கேட்டேன்.

"ஏலே, என் பொழப்புல மருந்த வச்சிட்டியேலே. மருந்தால போடுத, மருந்து? குடிலே. நீயே குடி."

"அண்ணாச்சி, அது ஆசிட்டு. அண்ணாச்சி, அது—" என்று கண்டக்டர் அவரிடம் கெஞ்சினார்.

நான் வராந்தாவில் நின்று கத்தினேன். பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். நான் கத்தியது இதுதான்: "அது மருந்துய்யா. தண்ணி பாக்கிற மருந்து." அந்த நேரத்திலும் என் வாயில் வேறு சொல் வரவில்லை. பதிலுக்கு ஒரு இரைச்சல் வந்தது. கண்டக்டரின் தொண்டையிலிருந்து அப்படி ஒன்று வரும் என்று நான் நினைத்ததில்லை. பிறகு போன் தண்ணீரில் விழுந்துவிட்டது.

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. நான் போகும்போது பாலத்தடியில் ஊரே நின்றது. கண்டக்டரை அப்போதுதான் பிடித்துவந்த ஓர் ஆட்டோவில் கிடத்தியிருந்தார்கள். உதடு வெந்து வெள்ளையாகியிருந்தது. தாடையிலிருந்து தோல் வழன்று, சட்டையின் முன்பக்கம் ஓட்டை ஓட்டையாகக் கருகியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டதால் நிறைய வெளியே வழிந்துவிட்டது. ஆனாலும் உள்ளே போனது போதும். வலது கைவிரல்கள் தப்பான பக்கம் மடங்கியிருந்தன. யாரோ முகம் கழுவ ஓடையிலிருந்தே வாளியில் மொண்டுகொண்டு வந்தான். அந்த வாளியை எட்டி உதைத்தேன். "குழாய்த் தண்ணிலே, குழாய்த் தண்ணி" என்று கத்தி, தெருக்குழாயிலிருந்து குடம் குடமாக வாங்கி முகத்திலும் நெஞ்சிலும் ஊற்றி ஆட்டோவை அனுப்பினேன். நானும் அதில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை.

ஏனென்றால் வாத்துக்காரரை மின்கம்பத்தில் கட்டியிருந்தார்கள். அவருடைய பட்டி வலைக் கயிற்றாலேயே கட்டியிருந்தார்கள். ஏற்கெனவே ஒரு கண் மூடியிருந்தது. ஆளாளுக்குப் பனைமட்டையால் அடித்தார்கள். முன்னால் நின்று சொட்டுநீர்க் குழாயை வளைத்து வீசிக்கொண்டிருந்தது வாழைக்காரர். எங்கள் வலையைக் கிழித்தவர், கண்டக்டரையே தள்ளிவிட்டவர், இப்போது கண்டக்டருக்காக மூச்சு வாங்க அடித்துக்கொண்டிருந்தார். கரையெங்கும் வாத்துகள் வெள்ளையும் பழுப்புமாகச் செத்தும் சாகாமலும் கிடந்தன. நடுவில் அந்த ஆளின் மனைவி ஒரு வாத்தின் அலகைப் பிரித்து உள்ளே எதையோ ஊட்டிக்கொண்டே கத்திக்கொண்டிருந்தாள். அவள் என்ன சொல்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"டீச்சர் வந்தாச்சு. வழி விடுங்கப்பா" என்று வாழைக்காரர் ஒதுங்கினார். அவர் கையிலிருந்து கெட்டுப்போன பூண்டு மாதிரி ஒரு வாடை அடித்தது. அது வயலுக்கு அடிக்கிற மருந்தின் வாடை என்று எனக்குத் தெரியும். அந்த நிமிஷத்தில் அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இஷ்டமில்லை.

கீழே வாத்துக்காரரின் கம்பு கிடந்தது. எடுத்தேன். முதல் அடி தோளில் போட்டேன். இரண்டாவது விலாவில். அவர் தலையை நிமிர்த்தி, மூடாத கண்ணால் என்னைப் பார்த்தார். குழாய்த் தண்ணிக்கு நான் கத்தியதைக் கேட்டுத்தான் போனில் வந்த குரலை அடையாளம் கண்டிருக்க வேண்டும்.

"நீதானம்மா சொன்ன? போனுல. இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்னு. நீதான சொன்ன?"

எல்லாம் எனக்கு ஒரே நொடியில் விளங்கியது. மருந்து, பூச்சி, அப்படிப் போடுங்க, எல்லாம் செத்துட்டு. அவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று வரிவரியாக விளங்கியது. விளங்கியபிறகு மூன்றாவது அடியை அவர் வாயில் அடித்தேன். மற்ற இரண்டையும்விட அதுதான் பலமான அடி.

போலீஸ் வந்து அவரை அவிழ்த்து ஜீப்பில் ஏற்றியது. சாயங்காலம் ஸ்டேஷனில் எஸ்.ஐ. எங்கள் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். சின்ன வயசு, படித்த களை.

"பூச்சி, நாப்பத்திரண்டு. மருந்து, ஏழு சொட்டு. என்ன டீச்சர் இது? பூச்சி மருந்துக் கணக்கா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒரு மணி நேரம் விளக்கினேன். கடைசியில் அவருக்குப் புரிந்தது. பேனாவை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"புரியுது, டீச்சர். ஆனா இதெல்லாம் எழுதினா வழக்கு குழம்பிரும். வெளியூர்க்காரன், வாத்து செத்த கோவத்துல வந்து ஆசிட்டை வாயில ஊத்தினான். கொலை முயற்சி. நேரா நிக்கும். போன்ல நீங்க என்ன பேசினியன்னு எவன் கேக்கப் போறான்? தண்ணியப் பத்திப் பேசினோம்னு ஒரு வரி போதும். கம்பத்துல கட்டி அடிச்சது ஊர்க்காரங்க, கூட்டத்துல யாருன்னு தெரியாது."

வாழைக்காரர் வெளியே பெஞ்சில் சாட்சியாக உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் பெரியாஸ்பத்திரியில் கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். அந்த ஆள் உள்ளேயே கிடந்து அழுகட்டும் என்றுதான் மனசார நினைத்தேன்.

ஒரு மாதத்துக்கு மேல் கண்டக்டருக்குப் பேச வாய் இல்லை, எழுதக் கை இல்லை. பிழைப்பாரா என்று இரண்டு தடவை டாக்டர்கள் கையை விரித்தார்கள். வயிற்றில் குழாய் வைத்து அதில் கஞ்சி ஊற்றினார்கள். நான் பள்ளி விட்டதும் போய் அவர் மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு உட்காருவேன். ஊரில் நடந்ததை எல்லாம் சொல்லுவேன், ஒன்றைத் தவிர. ஒருநாள் இடது கையை நீட்டிப் போனைக் கேட்டார். கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்கி என்னிடம் காட்டினார்.

வாத்துக்காரர் எங்க.

"உள்ள இருக்கான். வெளிய வர விடமாட்டேன், அண்ணாச்சி."

அவர் மறுபடி அமுக்கினார். நீங்க போன்ல சொன்னத எழுதிக் குடுத்தியளா.

"குடுத்தேன்" என்றேன்.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். டிக்கெட் எடுக்காதவனை முப்பது வருஷமாகக் கண்டுபிடித்த கண். பிறகு போனைத் திரும்ப வாங்கி எழுதினார். எனக்கே அப்பிடித்தான் கேட்டுது டீச்சர். அந்தாளு ஓடி வாரப்ப, நாமளே மருந்து வச்ச மாதிரிதான் இருந்துது.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. வாய் வெந்து கிடக்கிற மனுஷன் மேல் கோபம். அன்றிரவு சாப்பிடவில்லை.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு வாத்துக்காரரின் மனைவியைத் தேடிப் போனேன். ஊருக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் தார்ப்பாய் கட்டியிருந்தாள். மிஞ்சிய வாத்துகள் ஒரு கூடைக்குத்தான் காணும். என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. ஏசவும் இல்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையில் விரித்துக் காட்டினாள். ஒரு பல்.

"ஒங்க அடியில விழுந்தது. பொறுக்கி வச்சேன். ஆஸ்பத்திரியில கேட்டா ஒட்ட வைப்பாவளான்னு நெனச்சேன். ஜெயிலுக்குள்ள கொண்டுபோக விடல."

நான் வாயைத் திறக்குமுன் அவளே பேசினாள். அன்று காலை மேலே வாழைத் தோட்டத்தில், வாழைக்கன்று முக்கியெடுத்த மருந்து டிரம்மை ஓடையில் கவிழ்த்துக் கழுவுவதை அவள் பார்த்திருக்கிறாள். புருஷனிடம் சொல்லக் கரையோடு ஓடிவந்திருக்கிறாள்.

"நான் வந்து சேருததுக்குள்ள அவுக அக்கரைக்குப் போயிட்டாவ. இவுக இல்ல, வாழைக்காரருன்னு தொண்ட கிழியக் கத்தினேன். அங்கனதான் நீங்களும் நின்னிய. ஒருத்தர் காதுலயும் விழல."

கட்டிப்போட்டு அடித்தவர்களில் முன்னால் நின்றவரையே அவள் பேர் சொல்லிக் காட்டியிருக்கிறாள். அந்தப் பேர் என் காதில் விழவில்லை என்று என்னால் இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தப் பூண்டு வாடை என் மூக்கில் ஏறியிருந்தது. கம்பு என் கையில் இருந்தது. தப்பான ஆளை அடிப்பதுதான் அப்போது வசதியாக இருந்தது.

ஒரு வக்கீலைப் பார்த்தேன். "நீங்க மாத்திச் சொன்னா அந்தாளு மேல கொலை முயற்சி நிக்காது. வேற பிரிவுக்கு மாறும், ஜாமீன் கெடைக்கும். ஆனா ஒங்க வேலைக்கு ஆபத்து, யோசிச்சுக்கோங்க" என்றார். யோசித்தால் போகமாட்டேன் என்று தெரியும். அதனால் அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனேன்.

எஸ்.ஐ. நாற்காலியைக் காட்டினார். போனில் பேசியதை அப்படியே சொன்னேன். அவர் எழுதினார். வாழைக்காரரின் கை வாடையைச் சொன்னேன். ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு அதையும் எழுதினார். கம்பத்தடியில் நான் செய்ததைச் சொல்ல வந்ததும் பேனாவை வைத்துவிட்டார்.

"டீச்சர், இது வேண்டாம். கட்டிக்கிடந்தவன அடிச்சேன்னு நீங்களே எழுதிக் குடுத்தா, ஒங்க மேலயும் வழக்கு வரும். பள்ளிக்கூடத்துல சும்மா விடுவாங்களா?"

"எழுதுங்க."

"எத்தன அடி?"

"மூணு. ரெண்டு அடிச்சப்பறம் அவர் பேசினாரு. நீதான சொன்னன்னு கேட்டாரு. அப்பறம்தான் மூணாவது. வாயில."

அவர் எழுதி, அந்த இடத்தை உரக்கப் படித்தார். எழுத்தில் கேட்கும்போது அது வேறு யாரோ ஒருத்தி செய்தது போல் இருந்தது. படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். போலீஸ்காரராகக் கேட்டதுபோல் இல்லை.

"அவர் சொன்னதைக் கேட்டுட்டு, புரிஞ்சபிறகும் ஏன் டீச்சர் அடிச்சிய?"

"அவர் சொன்னது நெசம். அதனாலதான் அடிச்சேன்."

அவர் அதையும் எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போடக் காகிதத்தை என் பக்கம் திருப்பினார்.